தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றல்

செயல்வழிக் கற்றல் என்பது தொடக்க வகுப்புக் குழந்தைகள் பொருள்களைக் கையாண்டும், ஆடியும் பாடியும், அட்டைகளைக் கொண்டு குழுவாகவும் தனியாகவும் பயின்றும் மொழி, கணக்கு, சூழ்நிலையியல் ஆகியவற்றின் அடிப்படைத் திறன்களைப் பெறும் கற்பித்தல் முறையாகும். தமிழ்நாட்டில் இம்முறை 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கப்பட்டது. 2007–08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்கு வரையுள்ள வகுப்புகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் இதன் கூறுகள் பல தொடர்கின்றன. இக்கட்டுரையில் கூறப்படும் செயல்பாடுகள் மதுரை, பசுமலை, திருப்பரங்குன்றம் வட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்யத்தக்கவை.

தேவை

கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்புகள் கொண்ட பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் போதும். ஆகவே சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்களே கவனிக்கின்றனர். ஒரு வகுப்புக்குக் கரும்பலகையில் பாடம் நடத்தும்போது மற்ற வகுப்புகள் வாளாவிருக்க நேர்கிறது. இது ஒரு பள்ளியின் தனிப்பட்ட குறை அன்று; அமைப்பிலேயே உள்ள நிலை. இந்நிலைக்கு ஏற்ற வகுப்பறை முறை தேவைப்படுகிறது.

இரண்டாவது காரணம் வருகை. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் விடியலில் மல்லிகை பறிக்கும் குடும்பங்களும், கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் இடம்பெயரும் குடும்பங்களும் உள்ளன. இக்குடும்பத்துக் குழந்தைகள் சில நாள்களோ சில வாரங்களோ பள்ளிக்கு வராமல் போவதுண்டு. எல்லாருக்கும் ஒரே பக்கத்தை ஒரே நாளில் நடத்தும் வகுப்பில், பத்து நாள் கழித்து வரும் குழந்தை பத்துப் பாடங்களை இழந்திருக்கும். முதல் வகுப்பில் விட்டுப்போன எழுத்து மூன்றாம் வகுப்பில் வாசிப்பைத் தடுக்கும். ஆண்டிறுதியில் அனைவரும் அடுத்த வகுப்புக்குச் செல்வதால் இந்த இடைவெளி பதிவேட்டில் தெரியாமலே ஐந்தாம் வகுப்பு வரை நீடிக்கக்கூடும். செயல்வழிக் கற்றலின் அடிப்படை நோக்கம் இந்த இடைவெளியைத் தவிர்ப்பதே.

முன்வரலாறு

குழந்தை குழந்தைக்குக் கற்பிக்கும் வழக்கம் தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பழமையானது. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்கு எழுத்தும் எண்சுவடியும் சொல்லிக் கொடுப்பான். தொடக்கநிலைப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் முறையையும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியில் கையாண்டார். 1797இல் இதுபற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் இது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது.

மதுரைப் பகுதியில் 1834இல் பணி தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், ஊர்ப் பள்ளிகளை நடத்தியது. அப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களும் சபைப் பணியாளர்களும் தேவைப்பட்டதால் 1842இல் திருமங்கலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டு, 1845இல் பசுமலைக்கு மாற்றப்பட்டது. இது 1881இல் கல்லூரியாக உயர்ந்தது. கல்லூரிப் பிரிவு 1904இல் மதுரை நகருக்குச் சென்று அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. ஆசிரியர்களை உருவாக்கும் ஊர் என்ற பெயர் பசுமலைக்கு இவ்வாறு அமைந்தது.

1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டுக்குப் பின் காந்தியடிகளின் ஆதாரக் கல்வி பரவியது. நூற்பு, தோட்ட வேலை போன்ற கைத்தொழில் வழியாகக் கணக்கும் மொழியும் கற்பிப்பது இதன் கொள்கை. மதுரைக்கு வடக்கே சின்னாளபட்டி அருகில் 1947இல் டி. எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் இக்கல்விக்கு முக்கிய மையமாக இருந்தது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும் குழந்தைக் கல்வியில் கைப்பொருள்களின் பயன்பாட்டை வலுப்படுத்தியது.

இன்றைய அட்டை முறைக்கு நேர் முன்னோடி, ஆந்திரப் பிரதேசத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலி கிராமக் கல்வி மையமாகும். அங்கு பத்மநாப ராவ், ரமா ஆகியோர் ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ‘பெட்டிக்குள் பள்ளி’ என்ற தொகுப்பை உருவாக்கினர். இதைப் பார்த்து 1995இல் கர்நாடகத்தின் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டையில் ‘நலி கலி’ என்ற திட்டம் தொடங்கியது.

தமிழ்நாட்டில் அறிமுகம்

சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் முயற்சியால் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷி வேலிக்குச் சென்று பயின்று வந்த ஆசிரியர்களே தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்ற அட்டைகளை உருவாக்கினர். 2004இல் இது 264 மாநகராட்சிப் பள்ளிகளுக்கு விரிந்தது. பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக அவர் பொறுப்பேற்றபோது, 2006–07இல் ஒன்றியத்துக்குப் பத்துப் பள்ளிகள் என்ற அளவில் முறை சோதிக்கப்பட்டது. 2007–08இல் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. 2012–13இல் முப்பருவ முறை வந்தபின், அட்டைகளுடன் பாடநூலையும் இணைத்த எளிமைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் பின்பற்றப்பட்டது.

வகுப்பறை அமைப்பு

செயல்வழி வகுப்பறையில் பெஞ்சு வரிசை கிடையாது. குழந்தைகளும் ஆசிரியரும் பாயில் வட்டமாக அமர்வர். வகுப்பில் பின்வருவன இடம்பெறும்:

• கீழ்மட்டக் கரும்பலகை: சுவரின் அடிப்பகுதியில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அமையும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இடம் உண்டு.
• அட்டைத் தட்டுகள்: பாடவாரியாக அடுக்கப்பட்டவை. குழந்தையே எடுத்து, குழந்தையே திரும்ப வைக்க வேண்டும்.
• கம்பிப் பந்தல்: தலைக்கு மேலே கட்டிய கம்பியில் குழந்தைகளின் ஓவியங்களும் எழுத்து வேலைகளும் தொங்கவிடப்படும்.
• சுய வருகைப் பதிவு: குழந்தை தன் பெயருக்கு நேரே தானே வருகையைக் குறிக்கும்.
• காலநிலை அட்டவணை, ஆரோக்கியச் சக்கரம்: வெயில், மேகம், மழை ஆகியவற்றையும், நகம் வெட்டுதல், பல் துலக்குதல் போன்ற தூய்மைப் பழக்கங்களையும் நாள்தோறும் பதிவு செய்ய உதவும்.

தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து வருகையைக் குறிப்பதே முதல் வகுப்புக் குழந்தையின் முதல் வாசிப்பாக அமைவதுண்டு.

ஏணி, மைல்கல், அட்டை

ஓராண்டில் கற்க வேண்டிய திறன்கள் சிறு அலகுகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வோர் அலகும் மைல்கல் எனப்படும். மைல்கற்கள் வரிசையாக அமைந்த படமே கற்றல் ஏணி. ஒரு மைல்கல்லில் அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல், மதிப்பீடு என்ற வரிசையில் அட்டைகள் இருக்கும். மதிப்பீட்டில் தேறாத குழந்தைக்குக் குறைதீர் அட்டைகளும் உண்டு. எழுத்தறியாத குழந்தையும் தன் அட்டையைக் கண்டுபிடிக்கும் வகையில் ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னமும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும்.

இதன் பயன் விடுப்பின்போது தெரியும். பத்து நாள் வராத குழந்தை திரும்பி வந்ததும் ஏணியில் தான் விட்ட இடத்தைப் பார்த்து, அடுத்த அட்டையை எடுக்கிறது. வகுப்பு எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தடையாவதில்லை.

ஆறு குழுக்கள்

குழந்தை எடுக்கும் அட்டையின் சின்னமே அது எந்தக் குழுவில் அமர வேண்டும் என்பதைக் காட்டும். குழுக்கள் பின்வருமாறு:

1. ஆசிரியரின் முழு உதவியுடன் கற்கும் குழு
2. ஆசிரியரின் பகுதி உதவியுடன் கற்கும் குழு
3. சக மாணவரின் முழு உதவியுடன் கற்கும் குழு
4. சக மாணவரின் பகுதி உதவியுடன் கற்கும் குழு
5. தானே கற்கும் குழு
6. மதிப்பீட்டுக் குழு

புதிய கருத்து அறிமுகமாகும் முதல் இரு குழுக்களுக்கு ஆசிரியர் தம் நேரத்தில் பெரும்பகுதியை ஒதுக்குகிறார். மற்ற குழந்தைகள் அதே நேரத்தில் பயிற்சியில் ஈடுபட்டிருப்பர். ஒரே அறையில் இரண்டு, மூன்று வகுப்புகள் அமர்ந்தாலும் பாடம் நடப்பது இவ்வாறுதான். சொல்லிக் கொடுக்கும் குழந்தையும் தான் கற்றதை மீண்டும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்கிறது. ஆனால், எப்போதும் ஒரே குழந்தை கற்பிப்பதும் ஒரே குழந்தை கேட்பதும் ஆகிவிடாமல் ஆசிரியர் கவனிக்க வேண்டும்.

தமிழ்ச் செயல்பாடுகள்

தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் உள்ளன. அகர வரிசைப்படி அனைத்தையும் ஒப்பித்த பின்னரே சொல்லுக்குச் செல்வது பழைய முறை. செயல்வழி முறையில் சில எழுத்துகள் தெரிந்தவுடனே சொல் அமைக்கப்படுகிறது.

எழுத்திலிருந்து சொல்: ட, ப, ம ஆகியவை எளிய வடிவங்கள். இவற்றுடன் புள்ளியையும் அறிமுகப்படுத்தினால் படம், மடம், பட்டம், மட்டம் என்ற சொற்கள் கிடைக்கும். அட்டைகளில் இவ்வெழுத்துகளை எழுதிக் குழந்தையிடம் கொடுத்துச் சொற்களை அடுக்கச் சொல்லலாம். புள்ளிக்குப் புளியங்கொட்டை வைக்கலாம். கொட்டையை எடுத்தால் ‘ம்’ என்பது ‘ம’ ஆவதைக் குழந்தை தானே ஒலித்துப் பார்க்கும்.

குறியீட்டு அட்டைகள்: உயிர்மெய் வாசிப்பில் பெரும் தடுமாற்றம் கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆகிய வரிசைகளில் ஏற்படுகிறது. இவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் எழுதப்படுகிறது. ஒலியோ பின்னால் வருகிறது. கண் முதலில் காண்பதை வாய் பின்னர் சொல்ல வேண்டியுள்ளது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, துணைக்கால் ஆகியவற்றைத் தனித்தனிக் கெட்டி அட்டைகளில் வெட்டி, ‘க’ அட்டைக்கு முன்னும் பின்னும் வைத்து மாற்றிப் பார்க்கச் செய்தால் இத்தடுமாற்றம் குறையும். மூன்று குழந்தைகள் இவ்வட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்று இடம் மாறி ஆடுவதாகவும் செய்யலாம்.

ஒலி வேறுபாடு: மதுரை வட்டாரப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாக ஒலிக்கும். பழம் என்பதைப் ‘பளம்’ என்று எழுதும் குழந்தை தான் கேட்டதைச் சரியாகவே எழுதுகிறது. அதைத் தவறு என்று அடித்துவிடுவதால் பயனில்லை. பல், பள்ளம், பழம் ஆகிய படங்களைக் காட்டி, நாக்கு எங்கே தொடுகிறது என்று குழந்தையையே கவனிக்கச் செய்ய வேண்டும். லகரத்தில் நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்தில் வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழகரத்தில் வளைந்தும் அழுந்தத் தொடாமல் நெருங்கி வருடும்.

கதைச் செயல்பாடு: ஆசிரியர் சொன்ன கதையைக் குழந்தைகள் காகித முகமூடியோ குச்சிப் பொம்மையோ கொண்டு நடிக்கலாம். பின்னர் அவர்கள் சொல்லும் சொற்களிலேயே ஆசிரியர் அக்கதையைக் கரும்பலகையில் நான்கு வரியாக எழுதுவார். தான் சொன்ன வரி என்பதால் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் அதை ஊகித்து வாசிக்க முற்படும். பேச்சு வழக்கில் கதை சொல்வதைத் தொடக்கத்தில் தடுக்கக் கூடாது.

கணக்குச் செயல்பாடுகள்

ஈர்க்குச்சிக் கட்டு: தென்னை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்தால் இடமதிப்பு விளங்கும். 34 என்பது மூன்று கட்டும் நான்கு குச்சியும். இதிலிருந்து 18ஐக் கழிக்க வேண்டும். நான்கு குச்சியிலிருந்து எட்டை எடுக்க இயலாது. ஒரு கட்டை அவிழ்த்தால் 14 குச்சிகள் ஆகும். எட்டை எடுத்தால் ஆறு மிஞ்சும். மீதியுள்ள இரு கட்டில் ஒன்றை எடுத்தால் ஒன்று மிஞ்சும். விடை 16. ‘கடன் வாங்குதல்’ என்று வாயால் சொல்வது இங்கே கட்டை அவிழ்ப்பதாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

எண்பெயர்கள்: தமிழ் எண்பெயர்கள் பெரும்பாலும் ஒழுங்கானவை. ஆனால் 90 என்பது ‘தொண்ணூறு’ என்று நூறு ஒலிக்க வருவதால் சில குழந்தைகள் அதை 900 என்று எழுதுவர். எண்பது, தொண்ணூறு, நூறு ஆகியவற்றைக் கட்டுகளாக வரிசையில் அடுக்கினால் தொண்ணூறு என்பது ஒன்பது கட்டுகளே என்று தெளியும்.

பல்லாங்குழி: பலகையில் 14 குழிகள் உள்ளன. குழிக்கு ஐந்து முத்து வீதம் நிரப்பினால் ஒரு பக்கத்துக்கு 35, மொத்தம் 70. ஆடும் முன் முத்துகளைப் பங்கிடுவதிலேயே ஐந்தாம் வாய்பாடு அடங்கியுள்ளது. பலகை இல்லாவிட்டால் தரையில் வட்டம் வரைந்து புளியங்கொட்டை, சோழி, வேப்பங்கொட்டை எதையும் பயன்படுத்தலாம்.

பரமபதம்: 47ஆம் கட்டத்தில் உள்ள குழந்தை 6 போட்டால், முதலில் ஒவ்வொரு கட்டமாக எண்ணி 53க்குச் செல்லும். பழகியபின் மூன்று நகர்ந்து 50, மேலும் மூன்று 53 என்று தாவும். இம்மாற்றத்தைக் கவனித்தால் குழந்தை மனக்கணக்குக்கு வந்துவிட்டதை அறியலாம்.

முழம் அளத்தல்: மதுரையில் மல்லிகைச் சரம் முழக்கணக்கில் விற்கப்படுவது குழந்தைகளுக்குத் தெரியும். ஒரே கயிற்றை ஆசிரியரும் இரண்டு குழந்தைகளும் முழம் போட்டு அளக்கட்டும். மூன்று வேறு விடைகள் கிடைக்கும். ஏன் என்று அவர்களே பேசியபின் அளவுகோலை அறிமுகப்படுத்தினால், சென்டிமீட்டர் ஏன் தேவை என்பது விளங்கும்.

சூழ்நிலையியல் செயல்பாடுகள்

பசுமலைக் குன்றும் திருப்பரங்குன்றத்துத் தென்கால் கண்மாயும் இவ்வட்டாரப் பள்ளிகளுக்கு அருகிலுள்ள பாடப்பொருள்கள். பள்ளியிலிருந்து குன்று எத்திசையில் உள்ளது, காலையில் நிழல் எப்பக்கம் விழுகிறது, பிற்பகலில் எப்பக்கம் என்று வரையச் செய்யலாம். வைகாசியிலும் கார்த்திகையிலும் கண்மாய் எப்படி இருந்தது என்பதைக் குழந்தைகள் இரு படங்களாக வரையலாம். நீர்நிலைக்கு அழைத்துச் செல்லும்போது உடன் ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும். குழந்தைகள் கரையை விட்டு இறங்கக் கூடாது. சிறு விதைகளையும் முத்துகளையும் கையாளும் முதல் வகுப்புக் குழந்தைகள் அவற்றை வாயிலும் மூக்கிலும் போடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

குறைகள்

செயல்வழிக் கற்றலில் நடைமுறைக் குறைகள் பல சுட்டிக்காட்டப்பட்டன. அட்டைகள் கிழிந்தும் தொலைந்தும் போனால் ஏணியில் ஒரு படி இல்லாமல் போகிறது. மாற்று அட்டை வரும்வரை குழந்தை அதைத் தாண்டிச் செல்கிறது. மாணவர் எண்ணிக்கை மிகுந்த வகுப்பில் பலர் ஒரே நேரத்தில் ஆசிரியர் குழுவுக்கு வந்து காத்திருக்க நேர்கிறது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே ஏணி, ஒரே வரிசை என்பதால் வேகத்தில் மட்டுமே சுதந்திரம் உண்டு, வழியில் இல்லை. அட்டையை முடிப்பதே நோக்கமாகி, கற்றது நிலைத்ததா என்பது கவனிக்கப்படாமலும் போகலாம்.

பெற்றோர் தரப்பிலும் மனக்குறை இருந்தது. புத்தகப் பையும் வீட்டுப்பாடமும் இல்லாததால் ‘பிள்ளை விளையாடிவிட்டு வருகிறது’ என்ற எண்ணம் ஏற்பட்டது. நன்றாக நடந்த பள்ளிகளில் ஆசிரியர்கள் பெற்றோரை வகுப்புக்கு அழைத்து, குழந்தை வாசிப்பதை நேரில் கேட்கச் செய்தனர். இதுவே இக்குறைக்கு ஏற்ற விடையாக இருந்தது.

எண்ணும் எழுத்தும்

கொரோனா பெருந்தொற்றால் 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் நீண்டகாலம் மூடப்பட்டன. முதல் வகுப்பறையையே காணாத குழந்தைகள் இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு வந்தனர். இவ்விழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியும், 2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடங்கப்பட்டன. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றி வாசிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் அறிந்திருக்க வேண்டும்; இந்நிலையை 2025க்குள் எட்ட வேண்டும் என்பது பின்னதன் இலக்காக அறிவிக்கப்பட்டது. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கும், 2023–24 முதல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் இது நடைமுறைக்கு வந்தது.

இத்திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வகுப்புக் குழந்தைகள் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகின்றனர். மூன்றாம் வகுப்பில் படிக்கும் குழந்தைக்கு எழுத்துகள் தெரியவில்லையெனில் அது அரும்பு நிலையிலிருந்து தொடங்கும். பாடல், கதை, பொம்மலாட்டம் முதலியவற்றுக்கு வகுப்பில் தனித்தனிக் களங்கள் அமைக்கப்படுகின்றன. பயிற்சி நூல்களும் வழங்கப்படுகின்றன. மதிப்பீடுகளைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்வதற்குச் செலவாகும் நேரம் கற்பித்தல் நேரத்தைக் குறைக்கிறது என்பது ஆசிரியர்கள் கூறும் குறையாகும்.

செயல்பாட்டைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு செயல்பாடு குழந்தைக்கு மகிழ்ச்சி தருவது மட்டும் போதாது. அதைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆசிரியர் சிலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்:

• இதனால் எந்த ஒரு திறன் வளரும் என்பதை ஒரே வரியில் சொல்ல இயலுமா?
• எல்லாக் குழந்தைகளின் கைகளும் வேலை செய்யுமா, அல்லது நான்கு பேர் செய்ய மற்றவர் வேடிக்கை பார்ப்பார்களா?
• பொருள்கள் ஊரிலேயே கிடைக்குமா, உடைந்தால் நாளையே மாற்ற இயலுமா?
• ஆசிரியர் அருகில் இல்லாத பத்து நிமிடம் குழந்தை இதைத் தானே தொடருமா?
• முடிந்தபின் குழந்தைக்கு வந்ததா, வரவில்லையா என்பதை எப்படி அறிவது?

கடைசிக் கேள்விக்கு எளிய வழி உண்டு. பொருள்களை எடுத்து வைத்துவிட்டு, இதுவரை காணாத ஒரு சொல்லையோ கணக்கையோ கொடுத்துப் பார்க்க வேண்டும். ஈர்க்குச்சியில் 34இலிருந்து 18ஐக் கழித்த குழந்தை, குச்சி இல்லாமல் 52இலிருந்து 27ஐக் கழித்து 25 என்று சொன்னால் அடுத்த படிக்குச் செல்லலாம். தயங்கினால் கட்டு மீண்டும் அதன் கைக்கு வர வேண்டும்.